பழைய ஜீப் ஆர்.டி.ஓ. ஆய்வில் தேறுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அப்பா 1998-இல் வாங்கிய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, பதினைந்து ஆண்டு முடிந்தபின் இரண்டு முறை பதிவு புதுப்பித்து, 2023-இல் காலாவதியாகிக் கொட்டகையில் நிற்கிறது. டிங்கர் வேலை பார்த்து, பெயின்ட் அடித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் தேறுமா, இல்லை இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே இரண்டு செய்திகளைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். ஆர்.சி. புத்தகம் இன்னும் காலமான அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. எஞ்சினை அப்பா தம் காலத்திலேயே மாற்றிவிட்டார். உண்மையில் உங்கள் கேள்வி இந்த இரண்டு செய்திகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. பழைய ஜீப்புகள் ஓட்டை உடைசலால் திரும்பி வருவதைவிட, புத்தகத்தில் இருக்கும் வண்டியும் எதிரே நிற்கும் வண்டியும் வேறு வேறாக இருப்பதால் திரும்பி வருவதே அதிகம். பெயின்ட் கடைசியில் வர வேண்டிய வேலை. சொல்லப்போனால், தேவையே படாமலும் போகலாம்.

ஆட்டோமொபைல் டிப்ளமா படித்துவிட்டுப் போடி மலையடிவாரத்தில் ஜீப் பட்டறை வைத்திருப்பவன் நான். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் வண்டிகள்தான் என் வாடிக்கை. வண்டியைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். சட்டத்தைப் பற்றி, வாடிக்கையாளர்களுடன் கவுன்ட்டரில் நின்று தெரிந்துகொண்ட அளவுக்குத்தான் பேசுவேன். உங்கள் ஜீப்பை நான் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உறுதியான விஷயம். வயதைக் காரணம் காட்டி உங்கள் வண்டியை நிராகரிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பிறகு ஆய்வில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். டீசல் வண்டி பத்து ஆண்டுதான் ஓடலாம் என்ற பேச்சு டெல்லியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பற்றியது. பதினைந்து ஆண்டானால் கட்டாயம் உடைக்க வேண்டும் என்ற 2023 ஏப்ரல் விதி அரசு வண்டிகளுக்கானது. இரண்டையும் குழப்பிச் சொல்லி, நல்ல வண்டிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போகும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உங்களுடையது வெள்ளை போர்டு என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மஞ்சள் போர்டு என்றால் கதை வேறு. எட்டு ஆண்டு கடந்த வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுத்தாக வேண்டும்.

இனி பெயர் விவகாரம். இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டிக்கு முதலில் பெயர் மாற்றம் வேண்டும். அதற்கு 31-ஆம் எண் படிவம். அதனுடன் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவை போக வேண்டும். அக்காவோ தம்பியோ வெளிநாட்டில் இருந்தால் அவர்கள் கையெழுத்துக்கு இப்போதே சொல்லி வையுங்கள். பட்டறை வேலையைவிட இதுதான் இழுத்தடிக்கும். புத்தகத்தில் பழைய வங்கிக் கடன் குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் எப்போதோ அடைந்திருக்கும். ஆனால் வங்கியின் தடையின்மைக் கடிதமும் 35-ஆம் படிவமும் கொடுத்து அந்தக் குறிப்பை நீக்காதவரை அது புத்தகத்திலேயே உட்கார்ந்திருக்கும். பெயர் மாற்றத்தையும் புதுப்பித்தலையும் ஒன்றாகக் கொடுக்கலாமா, ஒன்று முடிந்துதான் மற்றொன்றா என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் நடைமுறை மாறுகிறது. உங்கள் அலுவலகத்தில் நேரில் கேட்பதுதான் வழி.

எஞ்சின்தான் பெரிய முடிச்சு. அந்தக் காலத்து எம்.எம்.540-இல் வந்தது பியூஜோ வழி வந்த 2112 சி.சி. டீசல் எஞ்சின். அது போனபின் நிறையப் பேர் மஹிந்திராவின் 2523 சி.சி. டி.ஐ. எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். மலையில் இழுவை நன்றாக இருக்கும், உதிரிபாகமும் எங்கும் கிடைக்கும். மெக்கானிக்காக அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆய்வாளர் குனிந்து எஞ்சின் எண்ணைப் பார்க்கும்போது புத்தகத்தில் ஒன்று, பிளாக்கில் ஒன்று என்றிருந்தால் ஆய்வு அங்கேயே நின்றுவிடும். சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியின்றி எஞ்சின் மாற்றியிருந்தால் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது. ஆகவே முதலில் நீங்கள் கண்டறிய வேண்டியது, இப்போது உள்ளே இருப்பது அதே ரக எஞ்சினா, வேறு ரகமா என்பது. ஆர்.சி.யில் உள்ள சி.சி. அளவோடு ஒப்பிடுங்கள்.

அதே ரகம், வாங்கிய ரசீதும் இருக்கிறது என்றால் நம்பிக்கையோடு போகலாம். எண்ணைத் திருத்திப் பதிய மனு கொடுத்து, அபராதம் கேட்டால் கட்டி, முடித்துவிடலாம். ரசீது இல்லையென்றால், அந்த எஞ்சின் திருட்டு வண்டியிலிருந்து வந்ததில்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். எஞ்சினை விற்ற பழைய இரும்புக் கடையோ, மாற்றிய பட்டறையோ இன்னும் இருந்தால் போய்ப் பேசிப் பாருங்கள். வேறு ரக எஞ்சின் என்றால் உறுதி எதுவும் தர மாட்டேன். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில், தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறான மாற்றங்களைப் பதிவு செய்ய முடியாது என்று சொன்னதிலிருந்து அலுவலகங்கள் இதில் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. அப்படியான நிலையில், பழைய ரக எஞ்சின் ஒன்றை ரசீதோடு தேடி வாங்கித் திரும்பப் பொருத்துவது செலவு பிடித்தாலும் நேர்வழி. பழைய எஞ்சின் உங்கள் கொட்டகை மூலையிலேயே கிடக்கிறதா என்றும் பாருங்கள். தோட்டத்துக்காரர்கள் எதையும் லேசில் தூக்கிப் போடுவதில்லை.

வண்டியின் அடிச்சட்டத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் எண்ணையும் இப்போதே பாருங்கள். ஆய்வில் பென்சிலால் தேய்த்து அதன் பதிவை எடுப்பார்கள். இத்தனை ஆண்டுச் சேறும் கிரீஸும் அண்டர்கோட்டிங்கும் அதை மூடியிருக்கும். டீசலில் நனைத்த துணியாலும் பித்தளை பிரஷ்ஷாலும் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். கிரைண்டரைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அந்த இடத்தில் வெல்டிங்கும் வேண்டாம். துரு தின்று எண் மங்கியிருந்தால், “நானே குத்தித் தருகிறேன்” என்று யாராவது முன்வருவார்கள். உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அலுவலக உத்தரவு இல்லாமல் எண்ணைக் குத்துவது குற்றம். அனுமதி பெற்றுக் குத்த வழி இருக்கிறது.

தாள்கள் சரியென்றால் பட்டறைக்கு வருவோம். ஜீப்பில் நான் முதலில் பார்ப்பது ஹேண்ட் பிரேக். காரில் அது பின்சக்கர டிரம்களைப் பிடிக்கும். பழைய ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பின்புறம், ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கும் சிறிய டிரம்மைப் பிடிக்கும். கேஸிலிருந்து வெளியே வரும் அந்த ஷாஃப்ட்டின் ஆயில் சீல் தேய்ந்தால், கசியும் எண்ணெய் நேராக அந்த டிரம்முக்குள்தான் இறங்கும். லைனிங் எண்ணெயில் ஊறிவிட்டால் லிவரைக் காது வரை இழுத்தாலும் வண்டி நகரும். கேபிளை முறுக்கி முறுக்கி இறுக்குவது நேர விரயம். டிரம்மைக் கழற்றுங்கள், சீலை மாற்றுங்கள், சீல் உட்காரும் பரப்பில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் புது சீலும் சில மாதங்களில் ஒழுகும். லைனிங் எண்ணெய் குடித்திருந்தால் பெட்ரோலில் கழுவிப் போடாமல் புதிது போடுங்கள். பிறகு ஒரு மேட்டில் நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கில் மட்டும் நிற்கிறதா என்று பாருங்கள். ஓர் எச்சரிக்கை: இந்த வகை ஹேண்ட் பிரேக், இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் வழியாக வேலை செய்வதால், ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிய நொடியே பிடி போய்விடும். அந்தரத்தில் இருக்கும் சக்கரம் சுற்றிக்கொள்ள, தரையில் இருக்கும் சக்கரம் உருளும். ஆகவே வேலை செய்யும்போது சக்கரத்துக்குக் கல் அணை கொடுக்காமல் அடியில் படுக்க வேண்டாம்.

அடுத்தது ஸ்டியரிங். விதி 30 டிகிரி வரை வெற்றாட்டத்தை, அதாவது சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் ஆடுவதை, அனுமதிக்கிறது. சுமார் 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங் வளையத்தில் அது ஏறத்தாழ பத்தரை செ.மீ. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். ஆனால் கவனிக்காமல் விட்ட ஜீப்பில் அதையும் தாண்டிய ஆட்டம் சர்வ சாதாரணம். எஞ்சினை அணைத்து, சக்கரம் நேராக இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல ஆட்டட்டும். நீங்கள் முன்னால் படுத்து, அசைவு எந்த மூட்டில் செத்துப்போகிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள். ஸ்டியரிங் பெட்டி, அதிலிருந்து இறங்கும் கை, நீள ராட், நடுவே அசைவைத் திருப்பி அனுப்பும் பெல் கிராங்க், டை ராட் எண்டுகள் என்ற முனை மூட்டுகள், கடைசியில் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் என்று ஒவ்வொன்றாக வாருங்கள். பெரும்பாலானோர் பெட்டியின் மேலுள்ள ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். பெட்டி நேர்நிலையில் இறுகிவிடும், திருப்பும்போது கடிக்கும், மூட்டுகளின் ஆட்டம் அப்படியே இருக்கும். டை ராட் எண்டு விலை அதிகமில்லை, ஆடினால் மாற்றிவிடுங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் டக் டக் என்றால் கிங் பின்னோ சக்கர பேரிங்கோ. யாரையாவது கால் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். சத்தம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின்.

கால் பிரேக்கில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நின்றுகொண்டே இருந்த வண்டியில் வீல் சிலிண்டர்கள் துருவேறிப் பிடித்திருக்கும். நான்கு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். உள்ளிருக்கும் ரப்பர் கப்பை மட்டும் மாற்றினால் போதுமா, சிலிண்டரே வேண்டுமா என்பது உள்சுவரைப் பார்த்தால் தெரியும். பழைய பிரேக் ஆயிலை முழுதும் வெளியேற்றிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். பின் ஆக்ஸில் சீல் ஒழுகினால் ஒரு பக்க லைனிங் மட்டும் நனைந்து, மிதித்தவுடன் வண்டி மறுபக்கம் இழுக்கும். ஆய்வாளருக்கு அது ஓட்டிய சில நொடிகளில் தெரிந்துவிடும். எங்கள் பக்கம் பழைய ஆட்கள் அவரை பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்வது சும்மா இல்லை.

உங்கள் ஊரில் தானியங்கிச் சோதனை நிலையம் வந்திருந்தால் வண்டியை உருளைகளின் மேல் ஏற்றுவார்கள். அங்கே போகும் முன் நான்கு சக்கர இழுவை லிவர் இரு சக்கர நிலையில் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இழுவை மாட்டியபடி ஓர் ஆக்ஸிலை மட்டும் உருளை சுழற்றினால், தரையில் இருக்கும் மற்ற ஆக்ஸில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியேறும், டிரான்ஸ்ஃபர் கேஸும் அடி வாங்கும். நீண்ட நாள் நின்ற வண்டியில் லிவர் இரு சக்கரத்தைக் காட்டும், உள்ளே கியர் விடுபட்டிருக்காது. முன் சக்கரங்களைத் தூக்கிவிட்டு, கையால் சுற்றும்போது முன் புரொபெல்லர் ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்த முடியாமல் இறுக்கம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். நான்கு சக்கர இழுவை வேலை செய்கிறதா என்று யாரும் சோதித்து நான் பார்த்ததில்லை. அது உங்கள் தோட்டத்துப் பாதைக்குத் தேவை, ஆய்வுக்கு அல்ல.

புகைச் சான்றிதழ் பழைய டீசலுக்குப் பெரிய பூதமாகச் சொல்லப்படுகிறது. அவ்வளவு இல்லை. பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) என்ற புகை விதிகளில் நான்காவதற்கு முந்தைய டீசல் வண்டிக்கு அனுமதி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு; புகையின் அடர்த்தியைச் சொல்லும் அலகு அது. பி.எஸ். நான்கு வண்டிக்கு அனுமதி 50. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுதாக அழுத்தி, எழும் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். குளிர்ந்த எஞ்சினோடு போனால் நல்ல வண்டியும் தோற்கும். எஞ்சின் ஆயில் 60 டிகிரியாவது சூடேறியிருக்க வேண்டும். கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர், டீசலைப் பீய்ச்சும் நாசில், டீசல் பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். இழுவைக்காக யாரோ பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டி வைத்திருப்பது அடிக்கடி காணும் காரணம். நீலப்புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் வேலை இருக்கிறது. வண்டியைக் கொண்டுபோகாமலே சான்றிதழ் தரும் இடங்கள் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

மற்றவை சில்லறை வேலைகள், ஆனால் திருப்பி அனுப்பக் காரணமாகும். டயரில் 1.6 மி.மீ. தடம் வேண்டும். விளிம்பைத் தாண்டி வெளியே நீளும் அகல டயர் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பழைய 6.00-16 அளவுக்குத் திரும்புங்கள். முன்னால் இரும்புக் கம்பி பம்பர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு அதை அங்கீகாரமற்ற மாற்றம் என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கூரைமேல் தேடுவிளக்கு, கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம், எழுத்தை வளைத்தெழுதிய நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம். நம்பர் எழுத்து 65 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். வைப்பர், ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், ஓடும் ஸ்பீடாமீட்டர் ஆகியவற்றை முந்தின நாளே சரிபாருங்கள். ஜீப்பில் விளக்கு எரியாவிட்டால் பல்பை மாற்றும் முன் பாடி எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து பாருங்கள். பாதி நேரம் கோளாறு அதுதான்.

பணம். புதுப்பித்தலுக்கு 25-ஆம் எண் படிவம். கார், ஜீப் வகைக்குக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி இருபது ஆண்டு கடந்த வண்டிக்கு அது 10,000. காலாவதியான பிறகு தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய். 2023-இலிருந்து கணக்குப் போட்டால் அதுவே ஒரு தொகை வரும். ஒவ்வொரு மாதமும் அது ஏறிக்கொண்டிருக்கிறது. இதற்குமேல் பசுமை வரி, இன்ஷூரன்ஸ். இடைத்தரகர் இல்லாமல் நடக்குமா என்று கேட்டிருந்தீர்கள். தாள்கள் சரியாக இருக்கும் வண்டிக்கு நடக்கிறது. சரியில்லாத வண்டிக்குத் தரகர் வாங்கித் தரும் காகிதம் அடுத்த விற்பனையிலோ விபத்திலோ உடைபடும்.

பதிவு புதுப்பிக்கும் வரை வண்டியைச் சாலையில் ஓட்டாதீர்கள். பதிவு இல்லாத வண்டிக்கு முதல் முறை அபராதம் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை என்பது சின்ன விஷயம். பதிவு காலாவதியான வண்டி பொதுச்சாலையில் விபத்துக்குள்ளானால் சொந்தச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பட்டறைக்கும் ஆய்வுக்கும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும் வாடகை, அதோடு ஒப்பிட்டால் அற்பம்.

இரும்புக் கடைக்குப் போடலாமா என்றால், என் கணிப்பு இது. எஞ்சின் அதே ரகமாக இருந்து, சேசிஸ் ஃபிரேமில் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்களில் வெடிப்பு இல்லையென்றால், புதுப்பிப்பதுதான் லாபம். மலைப்பாதைக்கு இந்த விலையில் இன்னொரு வண்டி கிடைக்காது. எஞ்சின் வேறு ரகம், ஃபிரேமும் வெடித்திருக்கிறது என்றால் நான் கை வைக்க மாட்டேன். அப்போதும் சாதாரணப் பழைய இரும்புக் கடை வேண்டாம். அரசு பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் வண்டியின் எண் வேறொரு ஜீப்பில் ஓடும்.

இந்த வாரம் இரண்டு வேலை மட்டும் செய்யுங்கள்: சேசிஸ் எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள், எஞ்சின் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பார்த்ததை இங்கே எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன். முழு எண்ணையும் பொதுவில் போட வேண்டாம், முதல் நான்கைந்து எழுத்து போதும்.